முப்பத்தெட்டாயிரம் பேருக்கு ஒரு கடைவாய்ப் பல்

என் கொழுந்தன் மெதெருக்குப் பல்வலி வந்த அதே வாரத்தில்தான் உலக மனநிலைக் கழகம் கிர்கிஸ்தானின் மனநிலையை அளக்க வந்தது. இரண்டும் வெவ்வேறு வாரங்களில் வந்திருந்தால் எங்கள் நாட்டுக்கு அவ்வளவு பெரிய தலைகுனிவு நேர்ந்திருக்காது.

எங்கள் ஊர் கோக்-சாய். தியன்-ஷான் மலையின் ஒரு மடிப்பில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஊரில் ஆடு உண்டு, குதிரை உண்டு, முதியவர்கள் உண்டு, குழந்தைகள் உண்டு. வாலிபர்கள் கிடையாது. அவர்கள் ரஷ்யாவில் இருக்கிறார்கள். என் கணவர் தாலாயும் அங்கேதான், யெகாதெரின்பர்கில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். அவருடைய தம்பி மெதெர் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டான். மாமனாருக்கு ஆடு மேய்க்கத் துணை வேண்டும். தவிர, வீடு வீடாகப் பால் சேகரித்துத் தன் பழைய காரில் பால் பண்ணைக்குக் கொண்டுபோவதும் அவன்தான். பண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதால் அவன் மலையைச் சுற்றிப் போவான். அதற்குள் பாதிப் பால் தயிராகிவிடும். அந்தக் கரைக் குழந்தைகள், கம்பியில் தொங்கும் ஓர் இரும்புக் கூடையில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் வந்தார்கள். அதிகாரிகள் வந்து கூடையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. முதல் மணி அடித்ததும் நான் செய்கிற வேலை, கூடையில் வந்த தலைகளை எண்ணிப் பார்ப்பது.

ஒரு இலையுதிர்கால மாலையில் எங்கள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முழங்கால் வரை சேறு. கையில் ஒரு டேப்லெட்.

“அக்கா, பயப்படாதீங்க. சர்வே எடுக்க பிஷ்கெக்லேர்ந்து வந்திருக்கேன். பேரு நாசிரா.”

தலைநகரிலிருந்து வந்தவளை உள்ளே அழைத்துத் தேநீர் ஊற்றினேன். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டதும்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. எந்த வீட்டுக்குள் நுழையலாம் என்பதை அவள் தீர்மானிக்கக் கூடாதாம், விதிதான் தீர்மானிக்கும். மசூதியிலிருந்து புறப்பட்டு வலது கைப்பக்கமாகப் போக வேண்டும், ஐந்தாவது வீட்டில் கதவைத் தட்ட வேண்டும். எங்கள் மசூதிக்கு வலது கைப்பக்கம் ஆறு. அவள் கரையில் நின்று, கழகம் கொடுத்த சாட்டிலைட் போனில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். “விதிப்படி போ” என்றார் அவர். ஆற்றில் கொஞ்ச தூரம் விதிப்படி போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். பிறகு ஒரு வைக்கோல் போர் வந்தது. அதை வீடாகக் கணக்கிடுவதா என்று மறுபடியும் போன். “கதவு இருக்கா பார்” என்றார் அவர். அதற்கடுத்த வீட்டில் நாய் மட்டும் இருந்தது. அதற்கடுத்தது நாங்கள்.

நான் நல்ல முக்காடாக எடுத்துக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். எனக்குக் கருத்துகள் நிறைய. இதுவரை யாரும் கேட்டதில்லை.

“நீங்க வேண்டாம்கா,” என்றாள்.

“ஏன்?”

“உங்க வயசுப் பொம்பளைங்க கணக்கு முடிஞ்சு போச்சு. கீழூர்லயே முடிச்சிட்டேன்.”

மாமனார் தாடியை நீவிக்கொண்டு முன்னால் வந்தார். “அப்ப என்னைக் கேளும்மா.”

“அறுபதுக்கு மேல ஆம்பளைங்களும் முடிஞ்சு போச்சுங்கய்யா.”

“முடிஞ்சு போச்சா? நான் இன்னும் இருக்கேனேம்மா!” என்று அவர் தன் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவளுக்கு வேண்டியது முப்பது வயதுக்குட்பட்ட ஆண். மலையில் எத்தனையோ ஊர் ஏறி இறங்கிவிட்டாள். “எல்லா வீட்லயும் போட்டோவக் காட்டுறாங்கக்கா. போட்டோகிட்ட கேள்வி கேட்கக் கூடாதுன்னு விதி இருக்கு,” என்றாள். கண் கலங்கியிருந்தது.

அப்போது உள்ளறையிலிருந்து மெதெர் முனகினான்.

நாசிரா நிமிர்ந்தாள். “யாருக்கா அது?”

“என் கொழுந்தன். பல்வலி.”

“வயசு?”

“இருபத்தொம்பது.”

குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். குதிரை காணாமல் போனவன் மலைச்சரிவில் அதன் கனைப்பைக் கேட்டால் எப்படி ஓடுவானோ அப்படி ஓடினாள்.

மெதெர் துணியால் தாடையைக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கன்னம் ஒரு ரொட்டியளவு வீங்கியிருந்தது. நாசிரா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள்.

“உங்களுக்கு முன்னாடி ஒரு ஏணி இருக்குன்னு நெனச்சுக்குங்க. மேல்படி பத்து. அதுதான் ரொம்ப நல்ல வாழ்க்கை. அடியில பூஜ்யம். அது ரொம்ப மோசமான வாழ்க்கை. இப்ப நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க?”

“நிக்க முடியல,” என்றான் மெதெர்.

“பூஜ்யம்னு போட்டுக்கவா?”

“ம்ம்.”

“எந்த ஏணியக் கேக்குறா? கொட்டகையில இருக்கறதா?” என்று மாமனார் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். “அதுல நாலாவது படி உடைஞ்சிருக்கு, சொல்லுடா.”

போன வருடம் கடற்கரையில் ஓய்வெடுத்தாயா என்று கேட்டாள். எங்கள் நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது. “உலகம் பூரா ஒரே கேள்விதான் அண்ணே, கோவிச்சுக்காதீங்க,” என்றாள். அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை உண்டா என்று கேட்டபோது மெதெர் “ஆஆ” என்று அலறினான். அது அறவே நம்பிக்கை இல்லை என்று பதிவானது. கடைசிக் கேள்விக்கு அவரவர் சொந்த வார்த்தையில் பதில் சொல்லலாமாம்.

“இந்த நிலைமைக்கு என்ன தீர்வுன்னு நினைக்கிறீங்க?”

“வேரோட பிடுங்கணும்,” என்றான் மெதெர்.

“எதை?”

“எல்லாத்தையும். ஒண்ணுகூட மிச்சம் வைக்கக் கூடாது. மொத்தமாப் பிடுங்கிப் போட்டாத்தான் நிம்மதி.”

அவள் வரி தவறாமல் தட்டச்சு செய்துகொண்டாள்.

“ஏம்மா, அவன் பல்லைச் சொல்றான்,” என்றேன்.

“பதிலாளரோட கருத்துல குறுக்கிடக் கூடாதுக்கா,” என்று மரியாதையாகச் சொன்னாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள்.

மறுநாளே மெதெர் நகரத்துக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். ஒன்றைத்தான் பிடுங்கினார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. அன்று அவன் காரில் பாடிக்கொண்டே வந்ததை ஊரே கேட்டது. ஆனால் அன்று அவனை யாரும் அளக்கவில்லை.

பனி உருகும் சமயத்தில் ஒரு நாள் நான் பௌர்சாக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் செய்தி வாசித்த பெண், இழவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். உலக மனநிலைக் கழகத்தின் ஆண்டறிக்கை வந்துவிட்டது. கிர்கிஸ்தானின் மலைப்பகுதி இளைஞர்கள்தான் பூமியிலேயே மகிழ்ச்சி குறைந்தவர்கள். அவர்களில் நூற்றுக்கு நூறு பேர் ஏணியில் பூஜ்யத்தில் நிற்கிறார்கள். நூற்றுக்கு நூறு பேர் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எறிய வேண்டும் என்கிறார்கள். பிறகு இரண்டு பேராசிரியர்கள் வந்து விளக்கினார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்ததுதான் காரணம் என்றார் ஒருவர். மலை வெயிலை மறைப்பதுதான் காரணம் என்றார் மற்றவர்.

மெதெர் சூடான பௌர்சாக்கை இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் ஈரம்.

“பாவம் அண்ணி,” என்றான். “யாரு பெத்த பிள்ளைங்களோ.”

அது யார் பெற்ற பிள்ளை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. கழகம் யாருடைய பெயரையும் வெளியிடாது. ரகசியத்தில் அவர்கள் மகா கண்டிப்பு. ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மலைப்பகுதி, இளைஞர், ஆண் என்ற இடத்தில், ‘கோக்-சாய்: ஒருவர்’ என்று சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. ஊருக்குள் கார்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் காரிலிருந்து மாகாணத் துணை ஆளுநர் கெரிம்பெகோவ் இறங்கி, மெதெரை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“தம்பி, முப்பத்தெட்டாயிரம் பேரு இவ்வளவு வேதனையில இருக்கீங்க. ஒருத்தர்கூட எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!”

மெதெர் பின்னால் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். எங்கள் ஆடுகள்தான் நின்றன.

“என் காலத்துல பூஜ்யம் இருக்கக் கூடாது,” என்றார் கெரிம்பெகோவ். “நான் முன்னாடி இருந்த மாகாணத்துல காசநோய் இருந்துச்சு. வந்த ஆறே மாசத்துல அதை அறிக்கையிலேர்ந்தே ஒழிச்சேன். இதை விடுவேனா?”

மகிழ்ச்சி வாரம் அறிவிக்கப்பட்டது. இளைஞர்களுக்கென்று ஒரு மேசைப்பந்து மேசை வந்தது. எதிரில் நின்று ஆட வேறு இளைஞர் இல்லாததால் மாமனார் அதில் தயிர் உருண்டைகளைக் காய வைத்தார். மேசை சமமாக இருந்ததால் உருண்டைகள் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் காய்ந்தன. பிஷ்கெக்கிலிருந்து புகழ்பெற்ற பாடகி ஒருத்தி வந்தாள். முதல் வரிசையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் மெதெர். நாங்களெல்லாம் பின்னால் புல்லில். அவள் காதல் பாட்டுகள் எல்லாவற்றையும் அவன் முகத்தைப் பார்த்தே பாடினாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஆளுநர் அலுவலகத்து அம்மாள் ஒருத்தி குனிந்து, “இப்ப எப்படி இருக்கு?” என்று அவன் காதில் கேட்டாள்.

“கூச்சமா இருக்கு,” என்றான் மெதெர்.

அந்தப் பதிலுக்கு ஏணியில் படி இல்லை.

இவ்வளவும் ஆன பிறகு கழகத்திலிருந்தே ஆள் வந்தார். டாக்டர் ஓட்மார். எடையிடல் துறையின் தலைவர். நெட்டையான, நல்ல மனிதர். நாங்கள் தலையில் வைத்த கல்பாக் தொப்பி அவர் காது வரை இறங்கியது. கடைசி வரை அதைக் கழற்றவே இல்லை. நாசிராதான் மொழிபெயர்த்தாள். பதிலாளரின் அடையாளம் ரகசியம் என்பதால் அவர் மெதெரைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் ‘பதிலாளருக்கு நல்வரவு’ என்று பதாகை கட்டியிருந்தார்கள். அதன் கீழே மெதெரை உட்கார வைத்திருந்தார்கள்.

டாக்டர் பேசினார். “நாங்கள் ஒருவரைக் கேட்டோம் என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். தவறு. நாங்கள் ஒருவர் மூலமாக முப்பத்தெட்டாயிரம் பேரைக் கேட்டோம். மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த மலைகளில் அத்தனை இளைஞர்கள் இருக்கிறார்கள். கிடைத்தவர் ஒருவர். ஆகவே கணினி அவருக்கு அத்தனை பேரின் எடையைக் கொடுத்தது.”

“எழுபது கிலோகூட இருக்க மாட்டான்,” என்று மாமனார் முணுமுணுத்தார்.

நான் எழுந்தேன். “ஐயா, அந்தப் பிள்ளைங்க யாரும் இங்க இல்ல. எல்லாரும் ரஷ்யாவுல இருக்காங்க.”

நாசிரா மொழிபெயர்த்தாள். டாக்டர் கனிவாகச் சிரித்தார். “கணக்கில் இங்கேதான் இருக்கிறார்கள்.”

“அப்ப இன்னும் ரெண்டு மூணு பேரத் தேடிப் பிடிச்சிருக்கலாமே?”

“தேடியிருக்கலாம். எட்டாத மக்களை எட்டுவது எப்படி என்று ஒரு பெரிய மாநாடு நடத்தினோம். பயணத்துக்கு வைத்திருந்த பணமெல்லாம் அதிலேயே செலவாகிவிட்டது. மாநாடு நல்ல முறையில் நடந்தது.”

“அவனுக்கு அன்னிக்குப் பல்வலிங்க!” என்றேன். “இப்ப நல்லா இருக்கான். இப்பக் கேட்டு மாத்திக்குங்க.”

மண்டபமே ஆமாம் என்றது. டாக்டர் கையை உயர்த்தினார். “பதிலைத் திருத்துவது அறிவியலுக்கு விரோதம். தவிர, பல்வலியும் இயற்கையில் பரவலாக உள்ளதுதான். முப்பத்தெட்டாயிரம் பேரில் யாருக்கோ அன்று பல் வலித்திருக்கும். அவர்களுடைய குரலும் பதிவாக வேண்டும் அல்லவா? மிக அதிகமான எடைகளைக் குறைக்க எங்களிடம் ஒரு குழுவே இருக்கிறது. அதன் தலைவர் விடுமுறையில் இருந்தார். அம்மா, மனிதர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எண்கள் மாறாது. அதனால்தான் எங்கள் ஆய்வில் மனிதர்களை முடிந்தவரை குறைவாகப் பயன்படுத்துகிறோம்.”

கைதட்டினோம். விருந்தாளி பேசினால் கைதட்டுவது எங்கள் வழக்கம்.

அன்றிலிருந்து ஊரில் மெதெருக்குப் பெயர் மாறிவிட்டது. “என்ன முப்பத்தெட்டாயிரம், இன்னிக்குப் பால் எடுக்க லேட்டு?” என்பார்கள். தேநீருக்குக் கூப்பிட்டால், “அத்தனை பேரு வர்றாங்களே, ஒரு கெட்டில் போதுமா?” என்பாள் பக்கத்து வீட்டு அனார்கான். அவளுடைய மகன் மாஸ்கோவில் டாக்சி ஓட்டுகிறான். மெதெர் இதற்கெல்லாம் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. சாப்பாடு குறைந்தது. ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டிருந்த என் எதிரே வந்து குந்தினான்.

“அண்ணி, அவங்க எல்லாரோட வாயும் என் வாய்தான்னு சொல்றாரு அந்த டாக்டரு. நான் யாரையும் ஒரு வார்த்தை கேட்கலியே.”

“அட கிறுக்கா. அது கணக்கு.”

“கணக்குன்னா? அண்ணன் அதுல இல்லையா? அனார்கான் அத்தை பையன் இல்லையா? அவன் பூஜ்யத்துலயா நிக்கிறான்? எனக்கென்ன தெரியும்? நான் பாட்டுக்கு எல்லாருக்கும் சேத்துச் சொல்லிட்டேன்.”

அவன் எடையை நிஜமென்றே நம்பிவிட்டான். கழகத்தின் கணக்கை இந்த உலகத்தில் முழு மனதோடு நம்பிய ஒரே ஆள் என் கொழுந்தனாகத்தான் இருக்கும்.

மலைக்கணவாயின் உச்சியில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். பால் கொண்டுபோகும் வழியில் அங்கே காரை நிறுத்திவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராக போன் செய்யத் தொடங்கினான். அடுத்த தடவை கேட்டால் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமாம். முதலில் எல்லோரும் அவனைத் திட்டினார்கள். காலையில் போன் செய்து “ஏணியில் எந்தப் படியில் நிற்கிறாய்” என்று கேட்டால் யார்தான் திட்டமாட்டார்கள்? ஒருவன் நிஜமாகவே ஏணியில் நின்றுகொண்டிருந்தான். சுவருக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான். “பன்னெண்டாவது படிடா, வைடா போனை!” என்றான். ஆனால் வைக்கவில்லை. திட்டி முடித்த பிறகு எல்லோரும் பேசினார்கள். வேறு யாரும் அவர்களிடம் அப்படியெல்லாம் கேட்டதில்லை போலிருக்கிறது.

பால் தயிராவது இன்னும் கொஞ்சம் அதிகமானது. ஊரில் யாரும் குறை சொல்லவில்லை.

கோடை தொடங்கும்போது கெரிம்பெகோவ் மறுபடியும் வந்தார். இலையுதிர்காலத்தில் கழகம் திரும்ப அளக்க வரும். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதெரிடம் கிட்டத்தட்டக் கெஞ்சினார். “தம்பி, மனசு விட்டுச் சொல்லு. என்ன செஞ்சா நீ பத்துக்கு வருவ?”

மெதெர் யோசிக்கவே இல்லை. “பாலம் கட்டுங்கய்யா.”

“பாலமா?” அவர் முகம் வாடியது. “பாலம் மகிழ்ச்சியில வராதே தம்பி. அது போக்குவரத்துல வரும். போக்குவரத்துல நம்ம நாடு நல்ல இடத்துல இருக்கு. அந்தக் கேள்விய பிஷ்கெக்ல கேட்டாங்க. அங்க பாலமெல்லாம் இருக்கு.”

“கூடையில பிள்ளைங்க வருதுங்கய்யா,” என்றேன் நான். “போன வாரம் கம்பி நடு ஆத்துல மாட்டிக்கிச்சு. ஒரு மணி நேரம் தொங்கிட்டிருந்தாங்க. அந்தக் கரையில இருக்கற அனார்கான் பேத்தி பயத்துல பேச்சே இல்லாம வந்தா.”

“தெரியும்மா. போட்டோ பார்த்திருக்கேன்.” சங்கடமாகக் கிண்ணத்துக்குள் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாவிட்டால் அவருக்கு எதுவும் கண்ணில் படாது. திடீரென்று முகம் மலர்ந்தது. “ஆனா ஒரு வழி இருக்கு. அதைப் பாலம்னு சொல்ல வேண்டாம். ‘இளைஞர் மனமகிழ் நடைமேடை, ஆற்றின் மேல்’னு போட்டுட்டா? வண்டி போனா போயிட்டுப் போகுது.”

அப்படித்தான் எங்கள் பாலம் வந்தது. எத்தனை மனு கொடுத்தும் வராத கம்பியும் சிமென்டும் ஒருவன் சந்தோஷத்துக்காக லாரி லாரியாக வந்து இறங்கின. கோடை முழுக்க வேலை நடந்தது. குறுக்குக் கம்பங்களில் பூவேலைகூடச் செய்தார்கள், மனமகிழ்ச்சி என்பதால்.

கடைசியில் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆளுநர் அலுவலகத்து அம்மாள் மெதெருடைய வயதைக் கவனித்துவிட்டாள். கழகம் வருவதற்குப் பத்து நாள் முன்பு அவனுக்கு முப்பது முடிகிறது. கெரிம்பெகோவ் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“பெரியவரே,” என்றார் மாமனாரிடம், “இவன் நெசமாவே அன்னிக்குத்தான் பொறந்தானா? ஒரு மாசம் தள்ளிப் பொறந்திருக்க வாய்ப்பில்லையா? நல்லா யோசிச்சுப் பாருங்க. பாஸ்போர்ட் ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன்.”

மாமனார் தாடியை நீவி நெடுநேரம் யோசித்தார். “அன்னிக்குக் காலம் தப்பின கடும் பனிங்க. மருத்துவச்சி வர்ற வரைக்கும் தள்ளிப் போடத்தான் அவங்கம்மா ரொம்பப் பாடுபட்டா. முடியல. அவளாலயே முடியல, நீங்க எப்படித் தள்ளுவீங்க?”

மெதெர் முப்பது வயதைத் தொட்டான். அன்று நான் பெரிய ஆடாக அடித்து பெஷ்பர்மாக் விருந்து செய்தேன். கெரிம்பெகோவும் வந்து சாப்பிட்டார், துக்கம் கேட்க வந்தவர் போல.

பாலத் திறப்பு விழாவும் கழகத்தின் வருகையும் ஒரே நாளில் அமைந்தன. காலையிலேயே நாசிரா வந்துவிட்டாள். மெதெரைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தாள். “அண்ணே, உங்கள இந்தத் தடவை முப்பதுக்கு மேல சேர்த்துட்டாங்க. அந்த வயசுல நகரத்துல நெறையப் பேரு சிக்கிட்டாங்க. உங்களக் கேட்டாலும் உங்க எடை இனிமே கால் ஆளுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.”

“கால் ஆளா?” என்றான் மெதெர். அவன் முகம் விழுந்துவிட்டது. “நான் எல்லாரையும் கேட்டு வெச்சிருக்கேன்மா. பசங்க சொன்னதெல்லாம் இருக்கு. அதையாவது எழுதிக்க.”

“அவங்க வீட்ல இல்லாதவங்க அண்ணே. அவங்களுக்கு இதுல கட்டமே இல்ல.” சொல்லும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை, டேப்லெட்டைப் பார்த்தாள். பிறகு அதை மடியில் கவிழ்த்து வைத்தாள். “என் தம்பிகூட ரஷ்யாவுல, கசான்லதான் இருக்கான்,” என்றாள் மெதுவாக.

விழா தொடங்கியது. நிகழ்ச்சி நிரலில் ‘இளைஞர்களின் சார்பில் நன்றியுரை’ என்று அச்சடித்தாகிவிட்டது. வேறு இளைஞர் இல்லை. எனவே கால் ஆளையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். மெதெர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினான்.  

“அனார்கான் அத்தை,” என்றான். “பெக்தூர் சொன்னான்: ‘அம்மாகிட்ட ஏழுன்னு சொல்லு. டாக்சி நல்லாத்தான் ஓடுது. ஆனா கண்ணு எரியுது. போன்ல வீடியோ போட மாட்டேங்கறது சிக்னல் இல்லாததால இல்ல. இளைச்சுட்டேன், அம்மா பார்த்தா அழுவா.’”

அனார்கான் வாயில் முக்காட்டு நுனியை அடைத்துக்கொண்டாள்.

“சாய்ரா அக்கா, உங்க வீட்டுக்காரரு நாலுன்னாரு. குட்டிப் பொண்ணு அவரை ‘அண்ணே’ன்னு கூப்பிட்டாளாம், யாருன்னு தெரியாம. அதுக்கு முன்னாடி ஆறா இருந்துச்சாம். ஊசன் மாமா, சாயம் அடிக்கிற உங்க மவன் பத்துன்னான். நான் நம்பல. மறுநா அவனே கூப்பிட்டு, ‘நேத்து முதலாளி பக்கத்துல நின்னான், அஞ்சுன்னு மாத்திக்க’ன்னான். மாத்திக்கிட்டேன்.”

ஊசன் மாமா முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே போனான்.  கெரிம்பெகோவ் நாசிராவின் பக்கம் சாய்ந்து, “இதெல்லாம் கூட்டிப் பார்த்தா என்ன வரும்?” என்று கேட்டார். நாசிரா அழுதுகொண்டிருந்தாள். அவர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு தன் கல்பாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மெதெர் இறங்கி வந்தான். என் பெயரை அவன் மேடையில் சொல்லவில்லை. நான் பாலத்து ஓரமாக அவனை நிறுத்தினேன்.

“உங்க அண்ணன் என்ன சொன்னாரு?”

“யாருக்குத் தெரியும். எடுக்கலியே.”

“கொழுந்தனாரே, பொய் சொல்ல உனக்கு வராது. பல்வலியில மட்டும்தான் வந்துச்சு.”

அவன் பூவேலைக் கம்பத்தை நகத்தால் சுரண்டினான். “அண்ணன் ரெண்டு பதில் சொன்னான் அண்ணி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. உங்களுக்குன்னு சொன்னது ஒம்பது.”

“உனக்குச் சொன்னது?”

அவன் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. எண்ணெய்ச் சட்டியை மேளம் போலத் தட்டிக்கொண்டு குழந்தைகள் பாலத்தில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் தலைகளை எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மறுநாள் மெதெரின் காரில் நானும் கணவாய்க்குப் போனேன். அவன் கீழே இறங்கி, காரின் சக்கரங்களை ரொம்ப அக்கறையாகப் பார்வையிட்டுக்கொண்டே தூரப் போய்விட்டான். நான் தாலாய்க்கு போன் செய்தேன்.

“யாரு?”

குரலை மாற்றிக்கொண்டேன். “வணக்கம். உலக மனநிலைக் கழகத்திலேர்ந்து பேசறோம். உங்களுக்கு முன்னாடி ஒரு ஏணி இருக்குன்னு நெனச்சுக்குங்க.”

அந்தப் பக்கம் பெட்டிகள் இறங்கும் சத்தம். பிறகு ஒரு சிரிப்பு. “பூருல்? நீயா?”

“பதிலாளர் குறுக்கக் கேள்வி கேட்கக் கூடாது. எந்தப் படியில நிக்கிறீங்க? ஒம்பதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டோம்.”

சிரிப்பு நின்றது.   அவர் பக்கத்தில் யாரோ ரஷ்ய மொழியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போனை விட்டுப் போகவில்லை.

“பாலம் நெசமாவே கட்டிட்டாங்களா?” என்று கேட்டார் கடைசியில்.

“கட்டிட்டாங்க.”

“லாரி தாங்குமா?”

“மூணு லாரி போச்சு. நானே பார்த்தேன்.”

“அப்ப பால் கெடாது.” அந்தப் பக்கம் ஒரு பெட்டி இறங்கியது. “தம்பிக்குத் துணையா இன்னொருத்தன் இருந்தா, அந்தக் கரைப் பாலையும் சேத்து எடுக்கலாம், இல்ல?”

“எடுக்கலாம்,” என்றேன்.

அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. போனைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.